முகத்திலிருந்து கோட்டுக்கு: பஹ்ரெல்நிஸா செயிட்

உயர்தரத்தில் சித்திரத்தையும் ஒரு பாடமாக எடுக்கப்போகிறேன் என்று வீட்டில் சொன்னபோது உம்மா ஒன்றும் சொல்லவில்லை. வாப்பா என் சாதாரண தரப் பெறுபேற்றுத் தாளை இன்னொரு முறை வாங்கிப் பார்த்தார். அன்று வீட்டுக்கு வந்திருந்த சாச்சிதான் கேட்டார், ஆட்களின் முகமெல்லாம் வரைய வேண்டி வருமே, அதற்கு என்ன செய்யப்போகிறாய் என்று. எங்கள் குடும்பத்தில் உருவப்படம் வரைவதை விரும்பாதவர்கள் பலர் இருக்கிறார்கள். நான் யோசிக்காமல் ஒரு பதில் சொன்னேன். முகம் வரையமாட்டேன், கேத்திரகணித உருவங்களை மட்டுமே வரைவேன் என்றேன். சதுரம், முக்கோணம், வட்டம். பள்ளிவாசல் சுவரில் இருப்பவை போன்றவை. சாச்சியின் முகம் தெளிந்துவிட்டது. கோடுகள் யாருக்கும் தொந்தரவு தராதவை என்று நானும் அன்று நம்பினேன்.

பிறகு வகுப்பில் கேத்திரகணித அரூப ஓவியம் பற்றிப் படித்தோம். கண்ணால் காணும் மரத்தையோ மனிதரையோ வரையாமல், கோட்டையும் வடிவத்தையும் நிறத்தையும் மட்டுமே வைத்து ஓவியம் செய்வது அது. ரஷ்ய ஓவியர் மலேவிச் 1915இல் வெள்ளைப் பின்னணியில் ஒரு கறுப்புச் சதுரத்தை மாத்திரம் வரைந்து காட்சிக்கு வைத்தார். நெதர்லாந்தின் மொண்ட்ரியான் மரங்களை வரைந்து வரைந்து, கடைசியில் மரமே இல்லாமல் நெடுங்கோடும் கிடைக்கோடும் சிவப்பும் நீலமும் மஞ்சளும் மட்டும் மிஞ்சும் இடத்துக்குப் போனார். இந்த வகை ஓவியர் ஒருவரின் வாழ்க்கையை எழுதி வரும்படி டீச்சர் சொன்னபோது, வகுப்பில் பாதிப்பேர் மொண்ட்ரியானையும் மீதிப்பேர் மலேவிச்சையும் எடுத்துக்கொண்டார்கள். எனக்கு நம்மவர் பெயர் ஒன்று கிடைக்குமா என்று ஆசை. தேடியபோது அகப்பட்டவர்தான் பஹ்ரெல்நிஸா செயிட். பிறந்தபோது அவருக்கு இட்ட பெயர் பஹ்ருன்னிஸா. பெண்களின் பெருமை என்று பொருள். எங்கள் கல்லூரியில் கூப்பிட்டால் நாலு பேராவது திரும்பிப் பார்க்கும் பெயர் இது.

வாப்பாவிடம் பெயரைச் சொன்னேன். செயிட் என்றதும் அவருக்குச் செய்தியில் கேட்ட பெயர் ஒன்று நினைவுக்கு வந்தது. 2016 பெப்ரவரியில் இலங்கைக்கு வந்துபோன அப்போதைய ஐ.நா. மனித உரிமைகள் ஆணையாளர் செயிட் ராட் அல் ஹுசைன். தேடிப் பார்த்தால், ஆணையாளர் இந்த ஓவியரின் மகன்வழிப் பேரன். அதற்குப் பிறகு வாப்பாவுக்கும் இந்தக் கட்டுரையில் அக்கறை வந்துவிட்டது.

பஹ்ருன்னிஸா 1901இல், இஸ்தான்பூலுக்குப் பக்கத்தில் கடல் நடுவே உள்ள பூயூகடா தீவில் பிறந்தார். உஸ்மானியப் பேரரசு அதன் கடைசிக் காலத்தில் இருந்தது. பெரிய தந்தை ஜெவாத் பாஷா, சுல்தான் இரண்டாம் அப்துல் ஹமீதிடம் பிரதம வஸீராக இருந்தவர். தந்தை ஷாகிர் பாஷா படைத்தளபதியாகவும் தூதுவராகவும் இருந்ததோடு வரலாறும் எழுதியவர். வீடு நிறையப் புத்தகங்களும் கலைகளும். அந்த ஒரு வீட்டிலிருந்து வந்தவர்களைப் பாருங்கள். அண்ணன் ஜெவாத் ஷாகிர் துருக்கியின் பெயர்பெற்ற எழுத்தாளர். தங்கை அலியே செதுக்கோவியக் கலைஞர். சகோதரி மகள் ஃபுரேயா துருக்கியின் முதல் நவீன மட்கலைஞர்களுள் ஒருவர்.

ஆனால் அந்த வீட்டில் நடந்த ஒரு விடயத்தை எழுதாமல் தாண்டிப்போக முடியவில்லை. பஹ்ருன்னிஸா பன்னிரண்டு, பதின்மூன்று வயதுப் பிள்ளையாக இருந்தபோது தந்தை துப்பாக்கிச் சூட்டில் இறந்தார். சுட்டதாகக் குற்றவாளியாகக் காணப்பட்டவர் சொந்த மகனான ஜெவாத். அவர் சிறைக்குப் போனார். ஒரே நாளில் வாப்பாவையும் நானாவையும் இழந்த வீடு அது. இதைப் படித்த இரவு நான் மேற்கொண்டு படிக்கவில்லை.

அவருடைய ஓவியங்களுள் இன்று கிடைப்பவற்றில் மிகப் பழையது 1915இல், அவருக்குப் பதினான்கு வயதாக இருக்கும்போது வரைந்தது. அது ஒரு முகம். பாட்டியின் உருவப்படம், நீர்வர்ணத்தில். கேத்திரகணித ஓவியர் ஒருவரைத் தேடிப்போன எனக்கு முதலில் கிடைத்தது உம்மம்மா ஒருவரின் முகம். அதில் கொஞ்சம் ஏமாற்றம்தான். சாச்சிக்கு இதை எப்படிச் சொல்வது என்று நினைத்தேன்.

1919இல் இஸ்தான்பூலில் பெண்களுக்கென இருந்த நுண்கலைக் கல்லூரியில் அவர் சேர்ந்தார். 1914இல்தான் அந்தக் கல்லூரி திறக்கப்பட்டிருந்தது. முறையாகச் சித்திரம் கற்ற துருக்கியப் பெண்களின் முதல் தலைமுறையில் அவரும் ஒருவர். மறு வருடமே எழுத்தாளர் இஸ்ஸத் மெலிஹ் தெவ்ரிமை மணந்தார். தேனிலவுக்கு வெனிஸ் போனபோது ஐரோப்பிய ஓவியங்களை நேரில் பார்க்கக் கிடைத்தது. மூன்று பிள்ளைகள் பிறந்தார்கள். மூத்தவன் பாரூக், மூன்று வயது நிரம்பும் காலத்தில், 1924இல் செங்காய்ச்சலால் இறந்தான். இன்றைய மருந்து அன்று இல்லை. இரண்டாமவர் நெஜாத் பிற்காலத்தில் தாயைப் போலவே அரூப ஓவியரானார். மகள் ஷிரின் நாடக நடிகை.

1928இல் அவர் பாரிஸ் சென்று ரான்சன் கலைக்கூடத்தில் ரொஜே பிஸியேரிடம் படித்தார். கண்டதை அப்படியே பிரதிசெய்வது ஓவியமல்ல என்பது அங்கே கற்ற பாடம். திரும்பி வந்து இஸ்தான்பூலிலும் தொடர்ந்து படித்தார். பிள்ளை பெற்ற பிறகு படிப்பை விட்டுவிடுவதுதான் வழமை என்று நாம் கேட்டு வளர்ந்திருக்கிறோம். அவர் விடவில்லை. முதல் திருமணம் நீடிக்கவில்லை. 1934இல் இளவரசர் செயிட் பின் ஹுசைனை மணந்தார். செயிட், மக்காவின் ஷரீப் ஹுசைனின் கடைசி மகன். ஈராக்கின் மன்னர் முதலாம் பைஸலுக்கும் ஜோர்தானின் அப்துல்லாஹ்வுக்கும் தம்பி. துருக்கிப் பெயரான பஹ்ருன்னிஸா அப்போதுதான் அரபுச் சாயலோடு பஹ்ரெல்நிஸா ஆனது.

கணவர் 1935இல் ஜேர்மனிக்கு ஈராக்கின் தூதுவரானார். பெர்லினில் விருந்துகள், வரவேற்புகள், தூதுவர் மனைவியின் கடமைகள். 1936இல் மகன் ராட் அங்கே பிறந்தார். 1938இல் ஹிட்லர் ஒஸ்திரியாவை இணைத்துக்கொண்ட பின் குடும்பம் பக்தாதுக்குத் திரும்ப அழைக்கப்பட்டது. பக்தாதில் அவருக்கு மனம் மிகவும் சோர்ந்துபோனது. மனச்சோர்வு நோய் என்றே சொல்ல வேண்டும். வாழ்க்கையில் பலமுறை அவரைப் பிடித்த நோய் அது. வைத்தியரின் ஆலோசனைப்படி அவர் பக்தாதை விட்டுப் பாரிஸுக்குப் போனார். அதன்பின் புடாபெஸ்ட், இஸ்தான்பூல் என்று சில வருடங்கள் அலைச்சலாகவே கழிந்தன. நம் வீடுகளில் இப்படி ஒன்று வந்தால் யாருக்கும் தெரியாமல் மூடி வைப்போம். இந்தப் பக்கத்தை எழுதும்போது நானும் அதை விட்டுவிடலாமா என்று யோசித்தேன். விட்டால் அவர் ஏன் வரைந்தார் என்பதே விளங்காது.

1940களின் தொடக்கத்தில் இஸ்தான்பூலில் டி குழு என்ற நவீன ஓவியர்களுடன் சேர்ந்து அவர் காட்சிகளில் பங்குபற்றினார். அப்போது வரைந்தவை ஆட்கள் நிறைந்த படங்கள். 1943இல் வரைந்த மூன்றாம் வகுப்புப் பயணிகள் என்ற ஓவியத்தில் தட்டுமுட்டுச் சாமான்களோடு நெருங்கி உட்கார்ந்திருக்கும் சாதாரண மக்கள். வண்ணக் கம்பளங்களும் உடைகளும் ஒன்றோடொன்று முட்டிக்கொண்டு நிற்கும். எது மனிதர், எது துணி என்று பிரிக்கவே நேரமெடுக்கும். முதல் தனிக்காட்சியை அவர் எங்கே வைத்தார் தெரியுமா? சொந்த வீட்டில். 1945இல் மாச்காவில் இருந்த தன் குடியிருப்பின் வரவேற்பறைகளில் இருந்த தளபாடங்களையெல்லாம் அப்புறப்படுத்திவிட்டுச் சுவர் முழுவதும் ஓவியங்களை மாட்டினார். எங்கள் வீட்டில் பெருநாளுக்கு வெள்ளையடிக்க மாத்திரமே அப்படித் தளபாடங்களை வெளியே எடுப்பார்கள்.

1946இல் இளவரசர் செயிட் பிரித்தானியாவுக்கான ஈராக்கின் தூதுவரானார். லண்டன் தூதரகத்தில் ஓர் அறையை பஹ்ரெல்நிஸா ஓவியக் கூடமாக மாற்றிக்கொண்டார். அந்த அறையில்தான் கோடுகள் வந்தன.

ஒரு நாளில் வந்தவை அல்ல. 1947இல் வரைந்த ஓவியம் ஒன்றுக்கு அரூபத்துக்கு எதிரான போராட்டம் என்று பெயர். அதில் மனித உருவத்தின் துண்டுகள் நிறத் துண்டுகளுக்குள் இன்னும் தெரிகின்றன. விட்டுப் போக மாட்டோம் என்று அவை அடம்பிடிப்பதுபோல் இருக்கும். அடுத்த வருட ஓவியம் ஒன்றின் பெயர் தீர்க்கப்பட்ட பிரச்சினைகள். அதில் உருவம் எதுவும் இல்லை. நெருக்கி அடுக்கிய சின்னச் சின்ன நிறத் துண்டுகள் மட்டும். இரண்டு பெயர்களையும் அடுத்தடுத்து வாசித்தபோது எனக்குச் சிரிப்பு வந்தது. கணக்குக் கொப்பியில் கடைசி வரியில் விடை வந்துவிட்டது என்று இரட்டைக் கோடு போடுவோமே, அப்படியொரு பெயர். ஆனால் விடை இல்லாமல் ஒரு வருடம் அவர் மல்லுக்கட்டியிருக்கிறார்.

ஏன் உருவத்தை விட்டார் என்பதற்குப் பிற்காலத்தில் அவரே ஒரு காரணம் சொன்னார். விமானத்தில் பறந்ததுதான் தன்னை மாற்றியது என்றார். மேலேயிருந்து பார்த்தபோது உலகம் தலைகீழாகியது, ஒரு முழு நகரமே கைக்குள் அடங்கிவிடும் அளவுக்குச் சிறுத்தது என்று விளக்கினார். வயலும் தெருவும் கூரையும் அங்கிருந்து பார்த்தால் கோடும் கட்டமும்தானே.

இங்கே நான் ஒரு பிழையை ஒப்புக்கொள்ள வேண்டும். இந்தக் கட்டுரையின் முதல் பிரதியில், பஹ்ரெல்நிஸாவின் ஓவியங்கள் நம்முடைய இஸ்லாமிய அலங்காரக் கலையிலிருந்து வந்தவை என்று அழகாக ஒரு பந்தி எழுதியிருந்தேன். பள்ளிவாசல் ஓடுகள், நட்சத்திரக் கோலங்கள், கண்ணாடி யன்னல்கள் என்றெல்லாம். எழுத இலகுவாக இருந்தது, எங்கள் சஞ்சிகைக்கும் பொருத்தமாக இருந்தது. அவர் காலத்து ஐரோப்பிய விமர்சகர்கள் பலரும் கிட்டத்தட்ட அதையேதான் எழுதினார்கள். கிழக்கிலிருந்து வந்த இளவரசி, கூடவே கிழக்கின் அலங்காரத்தையும் கொண்டுவந்திருக்கிறார் என்று.

பிறகு ஓவியங்களின் படங்களைப் பெரிதாக்கிப் பார்த்தேன். ஓடுகளில் ஒரு வடிவம் கவராயத்தாலும் அடிமட்டத்தாலும் அளந்து செய்யப்பட்டு, அதே அளவில் திரும்பத் திரும்ப வரும். எங்கே தொடங்கினாலும் அதே நட்சத்திரம் வந்து சேரும். பார்ப்பவர் மனதுக்கு அமைதி தருவது அந்தத் திரும்ப வருதல்தான். பஹ்ரெல்நிஸாவின் துணியில் ஒரு துண்டு போல் இன்னொரு துண்டு இல்லை. முதலில் கறுப்புக் கோடுகளை வெறுங்கையால் வளைத்து வளைத்துத் துணி முழுவதும் ஓடவிடுவார். கோடுகள் வெட்டிக்கொள்ளும் இடங்களில் உண்டாகும் கட்டங்களை ஒவ்வொன்றாக நிறத்தால் நிரப்புவார். சில முக்கோணம், சில மீன் செதில், சில பெயர் சொல்ல முடியாதவை. கண் எங்கேயும் தங்காது. இழுத்துக்கொண்டே போகும். கவராயம் அவர் கையில் இருக்கவில்லை. அவர் பாரிஸில் பயின்றவர். தன் காலத்து ஐரோப்பிய ஓவியர்களோடு போட்டியிட்டு அதே மேடையில் நிற்க விரும்பியவர். இஸ்தான்பூலில் வளர்ந்த கண் ஓடுகளையும் பைசாந்திய மொசைக்குகளையும் மறந்திருக்காது, அது உண்மை. ஆனாலும் பரம்பரைச் சொத்தை எடுத்து விரித்து வைத்தார் என்று சொல்வது அவருடைய உழைப்பைக் குறைப்பதாகும். அந்தப் பந்தியை வெட்டிவிட்டேன்.

1951இல் அவர் வரைந்த ஓவியம் ஐந்து மீற்றருக்கும் கூடிய நீளம், இரண்டு மீற்றர் உயரம். எங்கள் வகுப்பறையின் கரும்பலகையை விடப் பெரியது. இப்போது இஸ்தான்பூல் நவீனக் கலை நூதனசாலையில் இருக்கிறது. கறுப்பு, வெள்ளை, சிவப்பு, மஞ்சள் என்று உடைந்த கண்ணாடி போன்ற ஆயிரக்கணக்கான கூரிய துண்டுகள் சுழன்று போகின்றன. எங்கேயும் மனிதர் இல்லை, முகம் இல்லை, எவரும் ஆட்சேபிக்கக்கூடிய எதுவும் இல்லை. அதற்கு அவர் இட்ட பெயர் எனது நரகம்.

கோடுகள் யாருக்கும் தொந்தரவு தராதவை என்று சாச்சியிடம் சொன்னது அந்தப் பெயரைப் பார்த்த இடத்தில்தான் எனக்கு ஞாபகம் வந்தது. சுட்டுக் கொல்லப்பட்ட தந்தை, சிறைக்குப் போன அண்ணன், மூன்று வயதில் போன பிள்ளை, பக்தாதில் எழும்ப முடியாமல் கிடந்த நாட்கள். எந்தத் துண்டில் எது இருக்கிறது என்று நான் சொல்லப் போவதில்லை. அப்படிக் கண்டுபிடிக்கும் கட்டுரைகள் எனக்குப் பிடிப்பதுமில்லை. ஆனால் ஒளிந்துகொள்வதற்காக அவர் முகங்களை விட்டுக் கோடுகளுக்குப் போகவில்லை என்பது எனக்கு நிச்சயம். முகம் வரையும்போது வரையப்படுகிறவர் ஒருவர் எதிரே இருக்கிறார். இங்கே எதிரே ஒருவரும் இல்லை.

இந்தக் காலம்தான் அவருடைய புகழின் உச்சம். 1948இல் லண்டனில் நடந்த அவருடைய காட்சியின் திறப்புக்குப் பிரித்தானிய மகாராணியார் வந்திருந்தார். பாரிஸிலும் ஓவியக் கூடம் ஒன்றை வைத்துக்கொண்டு இரு நகரங்களுக்கும் இடையே ஓடித் திரிந்தார். 1950இல் நியூயோர்க்கில் காட்சி. 1954இல் லண்டனின் சமகாலக் கலை நிறுவனத்தில் தனிக்காட்சி வைத்த முதல் பெண்களுள் ஒருவரானார். ஆனாலும் பத்திரிகைகள் அவரை ஓவியராக எழுதுவதைவிட, ஓவியம் வரையும் இளவரசியாக எழுதவே விரும்பின.

என் சிநேகிதி ஒருத்தி இதைக் கேட்டுவிட்டு, மாளிகையும் வேலையாட்களும் இருந்தால் நானும் ஐந்து மீற்றரில் வரைவேன் என்றாள். அவள் சொன்னதிலும் நியாயம் இருக்கிறது. அவ்வளவு பெரிய துணியை விரிக்க அவ்வளவு பெரிய அறை வேண்டும். சமைக்கவும் கழுவவும் வேறு ஆட்கள் இருந்ததால்தான் இரவு முழுவதும் நின்று வரைய முடிந்தது. அதை மறைத்து எழுதினால் நம் உம்மாமாருக்குச் செய்யும் அநியாயம். ஆனால் கதை அங்கே முடியவில்லை.

இளவரசர் செயிட் வழமையாகக் கோடை காலத்தில் பக்தாதுக்குப் போவார். இளம் மன்னர் இரண்டாம் பைஸல் விடுமுறையில் இருக்கும் நாட்களில் அவருக்குப் பதிலாகப் பொறுப்பைப் பார்க்க வேண்டும். 1958இல் அப்படிப் போகாமல் இத்தாலியின் இஸ்கியா தீவில் ஓய்வெடுக்கலாம் என்று மனைவி வற்புறுத்தினார். அவரும் இணங்கினார். ஜூலை 14ஆம் திகதி பக்தாதில் இராணுவப் புரட்சி நடந்தது. 23 வயது மன்னரும் அரச குடும்பத்தினரும் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். ஒரு மனைவியின் பிடிவாதத்தால் உயிர் பிழைத்தார் இளவரசர். லண்டன் தூதரகத்தைக் காலி செய்ய அவர்களுக்குக் கொடுக்கப்பட்ட நேரம் 24 மணித்தியாலம்.

மாளிகை போய்விட்டது, பதவி போய்விட்டது, கணவரின் குடும்பம் போய்விட்டது, அந்த அறையும் போய்விட்டது. லண்டனில் ஒரு சாதாரண மாடிக் குடியிருப்பு. அங்கே தன் 57ஆவது வயதில் பஹ்ரெல்நிஸா வாழ்க்கையில் முதன்முதலாகச் சமைத்தார்.

ஓவியம் நின்றுபோனது. ஆனால் சமையலறையில் அவர் கையில் எலும்புகள் கிடைத்தன. கோழி எலும்புகள், வான்கோழி எலும்புகள். நாமென்றால் பூனைக்கு வைப்போம். அவர் அவற்றைக் கழுவிக் காயவைத்து நிறம் பூசினார். பிறகு கண்ணாடி போல் உறையும் பிசினுக்குள் அவற்றைப் பதித்தார். வெளிச்சம் பின்னாலிருந்து விழுந்தால் நிறங்கள் ஒளிரும், சுழற்றினால் வடிவம் மாறும். ஐந்து மீற்றர் துணியில் வரைந்த அதே கைதான். அறை சிறுத்ததற்கு ஏற்ப வேலையும் சிறுத்தது. எனக்கு மிகவும் பிடித்த பகுதி இது. என் சிநேகிதிக்கும் நான் இதைத்தான் சொன்னேன். அவள் எலும்புகளைப் பற்றி இன்னும் கேட்டாள்.

இந்தக் கட்டத்துக்குப் பிறகு அவர் திரும்பவும் வரைந்தார். ஆனால் 1960களிலிருந்து அவருடைய மனம் போனது முகங்களை நோக்கி. குடும்பத்தவர், சிநேகிதர், தெரிந்தவர் என்று ஒவ்வொருவரின் முகமாக வரைந்தார். பெரிய வாதுமைக் கண்கள், தட்டையான நிறங்கள், பழைய மொசைக்குகளில் உள்ள முகங்கள் போல நேரே பார்க்கும் பார்வை. உலகமே பாராட்டிய கோடுகளை ஏன் விட்டார் என்று இதைப் பற்றி எழுதியவர்கள் பலர் குழம்பியிருக்கிறார்கள். நானும் குழம்பினேன். பதினான்கு வயதில் பாட்டியின் முகத்தில் தொடங்கி, நடுவிலே ஒரு பத்துப் பதினைந்து வருடம் கோடுகளுக்குள் போய், திரும்பவும் முகத்துக்கே வந்திருக்கிறார். 1980இல் தன் முகத்தையே வரைந்து, அதற்குக் கடந்த காலத்திலிருந்து ஒருவர் என்று பெயரிட்டார்.

1970இல் கணவர் பாரிஸில் காலமானார். 1975இல் அவர் மகன் ராடுடன் வாழ ஜோர்தானின் அம்மானுக்குப் போனார். எழுபதைத் தாண்டிய வயது. நம் ஊரில் என்றால் தஸ்பீஹும் பேரப்பிள்ளைகளுமாக இருக்கும் வயது. அவர் மறு வருடமே தன் வீட்டில் கலை நிறுவகம் ஒன்றை ஆரம்பித்தார். சேர்ந்தவர்கள் பெண்கள். முன்பு பாரிஸில் தூரிகை பிடித்த கையால் அவர்களுடைய தூரிகைகளைத் திருத்தினார். தன்னைப் போல வரையும்படி அவர் கேட்கவில்லை. ஒவ்வொருவரும் தத்தமக்குள் இருப்பதை வெளியே எடுக்க வேண்டும் என்பதே அவருடைய பாடம். அவர்களுள் ஒருவரான சுஹா ஷோமான் பின்னாளில் அம்மானில் தாரத் அல் ஃபுனூன் என்ற கலையில்லம் உருவாகக் காரணமானார். அரபு நாட்டு ஓவியர்களுக்கு இன்று அது ஒரு தாய்வீடு.

1991இல் பஹ்ரெல்நிஸா அம்மானில் வபாத்தானார். அவருக்குத் தொண்ணூறு வயது ஆக இன்னும் சில மாதங்களே இருந்தன. அதற்குப் பிறகு ஐரோப்பா அவரைக் கொஞ்சம் மறந்துவிட்டது. 2013இல் அவருடைய பெரிய அரூப ஓவியம் ஒன்று துபாய் ஏலத்தில் 27 இலட்சம் அமெரிக்க டொலருக்கும் அதிகமாக விலைபோனபோது பலர் யார் இவர் என்று திரும்பிப் பார்த்தார்கள். 2017இல் லண்டன் டேட் மொடர்ன் நூதனசாலை அவருடைய வாழ்நாள் ஓவியங்களைத் திரட்டிக் காட்சி வைத்தது. அந்த டொலர் தொகையை ரூபாவில் பெருக்கிப் பார்த்த வாப்பா, சித்திரப் பாடத்தைப் பற்றி அதன்பின் எதுவும் கேட்கவில்லை. அது சரியான காரணமல்ல என்று எனக்குத் தெரியும். இருந்தாலும் திருத்தவில்லை.

சாச்சியிடம் போன கிழமை இந்தக் கட்டுரையை வாசித்துக் காட்டினேன். எனது நரகம் வரும் இடத்தில் அவர் கையைக் காட்டி நிறுத்தச் சொன்னார். கைத்தொலைபேசியில் அந்தப் படத்தைக் காட்டினேன். நீண்ட நேரம் பார்த்தார். விரலால் பெரிதாக்கி, ஒரு மூலையிலிருந்து மறு மூலை வரை தள்ளித் தள்ளிப் பார்த்தார். முகம் வரைவது பற்றி அவருடைய நிலைப்பாடு மாறவில்லை. நானும் அதைப் பற்றிப் பேசவில்லை. படத்தை மூடும்போது, இந்த மனுசிக்கு எத்தனை பிள்ளைகள் என்று மட்டும் கேட்டார். நாலு, ஒன்று சின்னதிலேயே போய்விட்டது என்றேன். சாச்சிக்கும் ஒரு பிள்ளை அப்படிப் போனது.

என் சித்திரக் கோவைக்கு நான் இப்போது ஒன்று வரைந்துகொண்டிருக்கிறேன். அடிமட்டத்தைப் பெட்டிக்குள் வைத்துவிட்டேன். கை நடுங்குவதால் கோடுகள் நேராக வருவதில்லை. இரண்டு கோடுகள் வெட்டிக்கொள்ளும் இடங்களை இன்னும் நிரப்பவில்லை. எந்த நிறம் என்று யோசித்துக்கொண்டிருக்கிறேன்.